கூண்டு கட்டி முடித்துவிட்டேன், மச்சான்

என் பிரியமான மச்சான் அந்தோணிக்கு,

தோட்டத்துக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வெளியே நல்ல மழை. தகரக் கூரையில் விழும் சத்தத்தில் பக்கத்தில் ஆள் பேசினால்கூடக் கேட்காது. நீ இருந்தால் அந்தச் சத்தத்துக்கும் மேலே சத்தம் போட்டு ஏதாவது கதை சொல்லிக்கொண்டிருப்பாய். நான் பாதி கேட்காமலே தலையாட்டுவேன். அதைக் கண்டுபிடித்து, "இப்ப நான் என்ன சொன்னேன், சொல்லு" என்று மடக்குவாய்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் கோயில் ஆண்டு மலரில் உன் நினைவாக ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். ஈப்போவில் முப்பது வருடம் வெல்டிங் பட்டறையில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் ஒட்டிக்கொண்டிருந்தவனுக்கு எழுத்து எங்கிருந்து வரும்? தங்கச்சி ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "எழுது. ஆனா நல்லவரு வல்லவருன்னு எழுதாத. நடந்தத எழுது" என்றாள். அதனால் நடந்ததை எழுதுகிறேன். கோயிலில் எல்லோரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

முதலில் இந்தக் கூண்டைப் பற்றிச் சொல்கிறேன். நம் ட்ராக்டர் முன்னால் உர மூட்டை தூக்குகிற ஃபோர்க் இருக்கிறதே, அதில் மாட்டுகிற மாதிரி ஆள் நின்று வேலை செய்ய ஓர் இரும்புக் கூண்டு கட்டியிருக்கிறேன். இரண்டு மாதம் ஆனது. நீ இருந்தால் இரண்டு வாரத்தில் முடித்திருப்போம், பேச்சுதான் அதிகமாக இருந்திருக்கும்.

ஏன் கட்டினேன் என்று கேட்பாய். சென்ற வருடம் நீ போன துக்கத்தில் யாரும் தோட்டப் பக்கம் வரவில்லை. மாத்தா கூச்சிங் பழ மரங்கள் அதைப் பார்க்காமல் காய்த்துத் தள்ளிவிட்டன. கொத்துக்கு உறை கட்டாவிட்டால் வௌவால் ஒன்றும் மிச்சம் வைக்காது என்பது உனக்குத் தெரியாததா? கடைசியில் நானும் ஸ்டெல்லாவும் வந்து பார்த்தபோது மரத்தடியெல்லாம் தோலும் கொட்டையும்தான். அவள் குனிந்து ஒரு கொட்டையை எடுத்துப் பார்த்தாள். இந்தத் தோட்டத்தை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சொல்வாள் என நினைத்தேன்.

"அடுத்த வருஷம் நான் ஏறுறேன்ணே" என்றாள்.

"எதுல ஏறுவ?"

"அவரு ஏறின மாதிரிதான். நீ ட்ராக்டர்ல தூக்கு. நான் உறை கட்டுறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் வேறு வழி இல்லை. எனக்கு உயரத்தில் நின்றால் தலை சுற்றும். அவளுக்கு ட்ராக்டர் ஓட்டத் தெரியாது. நீ ஏறாத வருடங்களில் கூலிக்கு வந்த ஆட்களும் நிலைக்கவில்லை, கடைசி ஆள் இரண்டு மரம் கட்டிவிட்டு, வேறு வேலை கிடைத்தது என்று போய்விட்டான். சரி என்றேன். ஆனால் பேலட்டில் ஏற்ற மாட்டேன், முறையாக ஒன்று செய்து தருகிறேன், அதுவரை பொறு என்றேன்.

நீ நின்றது வெறும் மரப் பேலட், மச்சான். ஃபோர்க்கின் மேல் சும்மா உட்கார்ந்திருந்த பலகை. பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, பூட்டு இல்லை. எத்தனை வருடம் அதில் உன்னைத் தூக்கியிருக்கிறேன். நீ ஒரு கையில் கொத்தையும் மறு கையில் கயிற்றையும் பிடித்துக்கொண்டு, பல்லில் உறையைக் கடித்துக்கொண்டு, அப்போதும் பேசுவாய். அரைகுறையாக வரும் அந்தப் பேச்சைக் கேட்டுக் கீழே ஸ்டெல்லா சிரிப்பாள். வேலைக்குப் போவதாகவே எனக்குத் தோன்றாது. ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிந்ததும் எப்போது தோட்டத்துக்குப் போவோம் என்றிருக்கும்.

நாம் ஒரே ரப்பர்த் தோட்டத்தில், ஒரே லயத்து வீட்டு வரிசையில் பிறந்தவர்கள். ரப்பர்த் தோட்டத்தை விற்றபோது ஆளுக்கொரு பக்கம் போனோம். நீ ஈப்போவுக்கும் தெலுக் இந்தானுக்கும் லாரி ஓட்டினாய். நான் பட்டறைக்குப் போனேன். பிறகு என் தங்கச்சியைக் கட்டிக்கொண்டாய். அதற்கு முன்பும் நீ என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவாய். கல்யாணத்தன்று, "பாத்தியா, முன்னாலயே ரிசர்வ் பண்ணி வச்சிட்டேன்" என்று என் காதில் சொன்னாய்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

ஐந்து வருடத்துக்கு முன்னால், மத்தியான நேரம். கொட்டகைக்குப் பக்கத்து மரத்தில் நீ இரண்டு ஆள் உயரத்தில் நின்றாய். உறை தீர்ந்துபோய் ஸ்டெல்லா எடுத்துவரக் கொட்டகைக்குள் போயிருந்தாள். நீ "இறக்கு மச்சான், பெலான்-பெலான், மெதுவா" என்றாய். அதே சமயத்தில் உள்ளேயிருந்து ஸ்டெல்லா, "அண்ணே, தே ஓ வேணுமா?" என்று கேட்டாள். ஒரு கோப்பைக் கறுப்புத் தேநீருக்காக நான் அவள் பக்கம் தலையைத் திருப்பி வேணும் என்றேன். கை தானாக லீவருக்குப் போனது.

அந்த ட்ராக்டரில் இரண்டு லீவர் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது. ஒன்று தூக்கி இறக்கும். இன்னொன்று ஃபோர்க்கின் மூக்கைக் கீழே சாய்க்கும். நான் இழுத்தது இரண்டாவதை. பேலட் வழுக்கிக்கொண்டு போனது, அதோடு நீயும் போனாய். நீ விழுந்த சத்தத்தை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமும் சொன்னதில்லை.

ஸ்டெல்லா ஓடி வந்தபோது நீ தரையில் கிடந்தாய். உன் முகம் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. அவள் வந்து சேருவதற்குள் நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, "நான் கால் தவறி விழுந்தேன். வெளங்குதா?" என்றாய். மறுபடியும் இழுத்தாய். "அண்ணன் தங்கச்சிக்குள்ள சண்ட வேணாம் மச்சான். வெளங்குதா?"

நான் தலையாட்டினேன்.

அந்தத் தலையாட்டலோடு நான்கு வருடம் வாழ்ந்தோம். இடுப்பு எலும்பில் தகடு வைத்தார்கள். இடது கால் பழையபடி வரவில்லை. கிளட்ச் மிதிக்க முடியாமல் லாரியை விட்டாய். தெலுக் இந்தான் சாலையில் அதிகாலையில் ஆற்றுமேல் பனி புகை மாதிரி எழும்புமே, அதைப் பார்க்காமல் என்னவோ போல் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னாய். அன்றைக்காவது நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம். உன்னை மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொப்பிக் கடைக்குக் காப்பி குடிக்கக் கூட்டிப்போனேன். நான் செய்தது அவ்வளவுதான்.

நீ ஏன் அப்படிச் செய்தாய்? எனக்கும் ஸ்டெல்லாவுக்கும் தாய் தகப்பன் இல்லை, ஒருவருக்கொருவர் மட்டும்தான் என்பதாலா? அல்லது அன்றைக்கு என் முகத்தைப் பார்த்து உனக்குப் பாவமாகிவிட்டதா? கேட்கலாம் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஈஸ்டர் முடிந்த அந்தத் திங்கட்கிழமை காலையில் முகம் கழுவப் போனவன் அப்படியே சரிந்துவிட்டாய். டாக்டர் இருதயம் என்றார். இனி யாரிடம் கேட்பது?

கூண்டுக்கு வருகிறேன். பழைய இரும்புக் கடையில் ஃபோர்க் உள்ளே நுழைகிற அளவுக்கு இரண்டு சதுரக் குழாய் எடுத்தேன். கடைக்காரர் நமக்குத் தெரிந்த சீனர்தான். எதற்கு என்று கேட்டார். ஆள் ஏற என்றேன். "உன் மச்சான் விழுந்த மாதிரி விழவா?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, அக்கறையில்தான் கேட்டார். "அவரு ரொம்ப நல்ல மனுஷன் லா, ஆனா மேல நிக்கும்போது ஜாக்கிரதை பத்தாது" என்றார். நான் குழாயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் அந்த வார்த்தை கூடவே வந்தது. உன்னை ஜாக்கிரதை பத்தாதவன் ஆக்கியது நான்தானே.

அந்த இரண்டு குழாயின் மேல் சட்டம் ஒட்டினேன். குழாய்க்குள் ஃபோர்க் போனதும் பின்னால் கனத்த இரும்பு ஆணி குறுக்கே இறங்கும். அது இருக்கும்வரை கூண்டு முன்னால் வழுக்கவே முடியாது. அதுவும் போதாதென்று சங்கிலியால் ட்ராக்டரோடு கட்டினேன். தரைக்கு வழுக்காத புள்ளித் தகடு. நாலு பக்கமும் இடுப்புக்கு மேல் வருகிற கம்பி, நடுவில் இன்னொரு கம்பி. கதவு உள்பக்கம்தான் திறக்கும், சாய்ந்தால்கூட வெளியே தள்ளாது. ட்ராக்டர் பக்கம் கை போகாதபடி வலை. இடுப்பு வாரின் கொக்கியை மாட்ட ஒரு வளையம். அந்த வளையத்தை மட்டும் மூன்று தடவை வெட்டி எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டினேன். ஒட்டு நன்றாகத்தான் இருந்தது. என்னால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒட்டும்போது முகமூடிக்குள் கண்ணீர் வந்தால் துடைக்க முடியாது, உனக்குத் தெரியுமா? வேலையை நிறுத்தி, மூடியைத் தூக்கி, துடைத்துவிட்டுத் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். அதனாலும்தான் இரண்டு மாதம் ஆனது.

கடைசியாக அந்த இரண்டாவது லீவர். இந்த ட்ராக்டரில் மேலே தூக்கும்போது ஃபோர்க் தானே மட்டம் காத்துக்கொள்ளும். ஆள் ஏறும்போது சாய்க்கும் லீவருக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால் அதை அசையவிடாமல் பிடிக்க ஒரு தகடு செய்து, மேலே பூட்டும் போட்டேன். ஆறு மூட்டை உரத்தைக் கூண்டில் ஏற்றினேன், நாலு ஆள் எடை. சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்து, மேலே தூக்கி, காலையிலிருந்து சாயங்காலம்வரை நிறுத்தி வைத்தேன். தூக்கும் கரத்தில் சாக்பீஸால் கோடு போட்டிருந்தேன். கோடு அசையவில்லை.

அடுத்த சனிக்கிழமை ஸ்டெல்லா செமோர் வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தாள். உன் பழைய நீலச் சட்டையைப் போட்டிருந்தாள், கை நீளத்தை மடித்துவிட்டு. வாரை மாட்டிப் பார்த்தாள், கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். பிறகு ட்ராக்டரைச் சுற்றி வந்து என் இருக்கைப் பக்கம் நின்றாள்.

"இந்த லீவருக்கு ஏன்ணே பூட்டு?"

பாதுகாப்புக்கு என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான். நான் ட்ராக்டரை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

"அன்னைக்கு நான் இதத்தான் இழுத்தேன் ஸ்டெல்லா. அவன் கால் தவறல. நான்தான் அவனக் கவுத்தேன்."

அவள் லீவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்ததையும் சொன்னதையும் எல்லாம் சொன்னேன். அவள் இடுப்பு வாரை அவிழ்த்துக் கூண்டுக் கம்பியில் தொங்கவிட்டாள். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பத்து நாள் வரவில்லை. போனை எடுக்கவில்லை. நான் செமோருக்குப் போனேன். நான் ஒட்டிக் கொடுத்த அந்த கிரில் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள், திறக்கவில்லை. நான் பேச ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ லீவர இழுத்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. கை தவறும், யாருக்கும் தவறும். ஆனா நான் அவர எத்தன மாசம் திட்டினேன் தெரியுமா? ஆஸ்பத்திரி கட்டில்ல வச்சித் திட்டினேன். கால் எங்க வைக்கிறோம்னு பாக்கத் தெரியாதா, கண்ணு என்ன பின்னாலயா இருக்கு, உங்களாலதானே இவ்வளவு சூசா, இவ்வளவு கஷ்டம்னு. லாரி போனப்பவும் திட்டினேன். தலையக் குனிஞ்சு கேட்டுக்கிட்டு இருந்தாரு. ஒரு தடவகூட எதுத்துப் பேசல. அந்தத் திட்டெல்லாம் இப்ப நான் எப்படித் திருப்பி எடுப்பேன், சொல்லு."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் சேந்து என்னய வெளிய நிக்க வச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மச்சான், இதை நீ யோசித்தாயா? அண்ணன் தங்கச்சிக்குள் வேண்டாம் என்று உன் மேல் போட்டுக்கொண்டாய். அவள் உன்னைத் திட்டித் திட்டி, அது பிற்காலத்தில் அவளை இப்படி வந்து பிடிக்கும் என்று உனக்குத் தோன்றவில்லையா? தோன்றியிருக்காது. அவள் திட்டுவது உனக்குப் பிடிக்கும் என்று ஒருமுறை என்னிடம் சொன்னாய். "திட்டினா வீட்ல ஆள் இருக்குன்னு அர்த்தம்" என்றாய். அதை அன்றே அவளிடம் கத்திச் சொல்லியிருக்க வேண்டும், அவள் உள்ளே போவதற்குமுன். எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கும்போது அவள் தெரிந்துகொள்ளட்டும்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் நான் தோட்டத்துக்கு வந்தபோது அவள் முன்னமே வந்திருந்தாள். உறைகளைக் கட்டுக் கட்டாகப் பிரித்துக் கூண்டுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். வாரை மாட்டியிருந்தாள்.

"காய் பெருசாவுது. இன்னும் ரெண்டு வாரம் விட்டா வௌவால் வந்துரும். ட்ராக்டர எடு."

"வேற ஆள் பாத்து லீவர்ல..."

"நீதான் பிடிக்கணும்" என்றாள்.

சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்தேன். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். பின் ஆணியைப் பார்த்தேன், சங்கிலியைப் பார்த்தேன், மறுபடி பூட்டைப் பார்த்தேன். அவள் காத்திருந்தாள். மெதுவாகத் தூக்கினேன். அவள் செருப்பு என் தலைக்கு மேலே போனது. கண்ணை அவளை விட்டு எடுக்கவில்லை, மச்சான். இலையில் தங்கியிருந்த மழைத்துளி கண்ணில் விழுந்தும் இமைக்கவில்லை.

முதல் கொத்தைக் கட்டினாள். அடுத்தது, அதற்கடுத்தது. "இன்னும் கொஞ்சம் மேல" என்றாள். உச்சிக் கிளைக்குப் போனதும் அவள் கை நின்றுவிட்டது. என்ன என்று கேட்டேன்.

"அவரு கட்டின கயிறு ஒண்ணு இங்க இருக்கு. விழுந்த அந்த வருஷத்துது."

"அவுத்து எடுத்துரு, கிளைய இறுக்கும்."

அவள் முயற்சி செய்வது கீழேயிருந்து தெரிந்தது. கத்தி இடுப்பிலேயே இருந்தது, அதை எடுக்கவில்லை. விரலால்தான் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவுக்க வரல. மரம் உள்ள இழுத்துக்கிச்சு" என்றாள்.

அவள் அழுது முடிக்கும்வரை கூண்டு அசையாமல் இருந்தது. செய்ய வேறு எதுவும் இல்லாமல் நானும் லீவரின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். பிறகு "இறக்கு" என்றாள். இறக்கினேன். தரையைத் தொட்டதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவு மெதுவாக.

கதவைத் திறந்து இறங்கியவள் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் வாயெடுப்பதற்குள், "என்கிட்ட மன்னிப்பு கேக்காத. கேக்க வேண்டிய ஆளு போயிட்டாரு. என் மக கிரேஸ்கிட்ட நீயே சொல்லு, நான் சொல்ல மாட்டேன்" என்றாள். பிறகு, "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு. இன்னும் எத்தன மரம் கெடக்கு" என்றாள்.

இப்போது பாதி மரம் முடித்துவிட்டோம். அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் நேற்று கொட்டகையில் எனக்கும் சேர்த்துத் தே ஓ கலக்கி வைத்திருந்தாள். உன் இடத்தில் அந்தக் கவிழ்த்த வாளியில் யாரும் உட்காருவதில்லை. அவள் உட்காருவாளோ என்று பார்த்தேன், நின்றுகொண்டே குடித்தாள்.

உன்னைப் பார்க்க வேண்டும் போல் இருக்கிறது. வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கூண்டைச் சுற்றி வந்து, ஒவ்வோர் ஒட்டையும் தட்டிப் பார்த்து, "இவ்வளவு கனமா? யானைய ஏத்தப் போறியா?" என்று நீ கேட்க வேண்டும். நான் கோபித்துக்கொள்ள வேண்டும். பிறகு நீ ஏறி நிற்க வேண்டும், வாயில் உறையைக் கடித்துக்கொண்டு.

உன் மகள் கிரேஸ் ஜோகூரிலிருந்து அடுத்த வாரக் கடைசியில் வருகிறாள். "அப்பாவுக்கு நிதானம் கெடையாது மாமா" என்று உன்னை வைத்துக்கொண்டே அவள் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள், நீயும் சிரித்திருக்கிறாய். இந்த மலர் அச்சாகி வருவதற்குள் அவளைக் கொட்டகைக்குக் கூட்டி வந்து, அந்த இரண்டு லீவரையும் காட்டி, நடந்ததை நானே என் வாயால் சொல்கிறேன். அதற்குப் பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிட்டாலும் சரி, கூப்பிடாவிட்டாலும் சரி. இது உனக்கு நான் தருகிற வாக்கு. இந்த முறை வெறுமனே தலையாட்டவில்லை, மச்சான்.

உன்னைக் கீழே போட்டவனும், உன் மனைவிக்கு அண்ணனும், கல்யாணத்துக்கு முன்பிருந்தே உனக்கு மச்சானுமான
சவரிமுத்து